இழுப்புக்காரப் பெரியம்மா

கிளினிக்கில் டாக்டர் என்னைப் பார்த்து, "தூக்கமெல்லாம் எப்படிம்மா?" என்று கேட்கிறார். பதில் சொல்வது என் மகன். "தூக்கமே இல்ல டாக்டர். விடியக்காலையிலயே எந்திரிச்சு டிவியப் போட்டுக்கிறாங்க." டாக்டர் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுதுகிறார். "சாப்பாடு?" "காரத்தைக் குறைங்கன்னா கேக்க மாட்டாங்க லா." எனக்கு வந்ததே கோபம்! அவன் தொடையில் ஓர் அடி வைத்தேன். "என்னையில்லடா கேக்குறாரு!" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். மகனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. 

அந்த வார்த்தை என்னுடையது அல்ல. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா சொன்னது. தோட்டத்து ஜனம் மொத்தமும் கூடியிருந்த இடத்தில் சொன்னாள். கேட்டு வாயைப் பிளந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் திகைப்பு எனக்கு முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

பெரியம்மா என்றால் சொந்தம் இல்லை. தோட்டத்தில் மூத்தவர்களை ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. புக்கிட் செலம்பாவிலிருந்து அந்தத் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசைக்கு, லயத்துக்கு, வாழ வந்தேன். பெரியம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். வந்த முதல் வாரமே பெரியம்மாவின் இழுப்பு என் காதுக்குப் பழகிவிட்டது. கொதிக்கிற கெட்டிலின் மூக்கிலிருந்து வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். உட்கார்ந்தால் இழுப்பு, நடந்தால் இழுப்பு. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கட்டிலில்தான் கிடப்பாள். லயத்தில் அவளுக்கு இழுப்புக்காரி என்றே பெயர்.

அவள் வீட்டுக்காரர் சின்னக் கங்காணி. அவரைப் பெரியப்பா என்பேன். ஆள் நல்லவர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். கள்ளுக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார். கை நீட்டியதே இல்லை. பிள்ளை இல்லையே என்று ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து வந்ததும் வேலியோரம் நிற்கிற ஆடாதோடை இலையைப் பறித்து அவரே கஷாயம் வைப்பார். எந்த ஆம்பளை பெண்டாட்டிக்காக அடுப்படியில் நின்று ஊதாங்குழலைப் பிடிப்பான்? குழாயடியில் பெண்கள் பொருமுவார்கள். "அவளுக்கென்னடி, குடுத்து வெச்சவ. எனக்குக் காய்ச்சல்னாலும் நான்தான் எந்திரிச்சுக் கஞ்சி காச்சணும்" என்பார்கள்.

எனக்கும் அந்தப் பொறாமை இருந்தது. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் தினம் ஒரு சண்டை. சட்டி உருளும், நான் கத்துவேன், அவரும் கத்துவார். அப்புறம் ஒரே தட்டில் சாப்பிடுவோம். பக்கத்து வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏனென்றால் அங்கே பேசுவது ஒரே குரல்தான்.

"பெரியம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று வாசலில் நின்று கேட்பேன். "கருவாடு" என்று உள்ளேயிருந்து பெரியப்பா சொல்வார். "பெரியம்மா, கோயிலுக்கு வர்றீங்களா?" "அவளுக்குப் பனி ஆவாது புள்ள." அதட்டலாக எல்லாம் இல்லை, அன்பாகத்தான் சொல்வார். பெரியம்மா என்னைப் பார்த்துச் சும்மா ஒரு சிரிப்புச் சிரிப்பாள். ஒருநாள், தான் சின்னப் பெண்ணாகத் தன் அம்மாவோடு கப்பலில் வந்த கதையை எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். "நாகப்பட்டணத்துல நாங்க கப்பல் ஏறின அன்னிக்கு நல்ல மழை..." என்றாள். "மழ இல்ல, தூத்தல்" என்றார் பெரியப்பா. பெரியம்மா நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு ஆரம்பித்துவிட்டது. கதை அதோடு சரி. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கப்பலில் பெரியப்பா வரவே இல்லை! அவர் வந்தது வேறு கப்பல், வேறு வருஷம்.

நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா. என் வீட்டுக்காரர் அங்கேயே தண்ணீர் சுமந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகும் வைத்தியம் பார்க்கிற டிரஸர் மட்டும் ஓடவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து அலமாரியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை பெரியப்பா பெரியம்மாவைக் கையைப் பிடித்து அங்கே கூட்டி வந்தார்.

"எங்கையம்மா நோகுது?" என்று டிரஸர் அவளைக் கேட்டார்.

"நெஞ்சுலங்க" என்றார் பெரியப்பா.

"எப்ப துவங்கினது?"

"கல்யாணம் கட்டின மறு வருசம்ங்க."

டிரஸர் காதிலிருந்த குழாயைக் கழற்றினார். "நான் அவவைத்தான் கேட்டனான்."

"அதத்தாங்க சொல்றேன்" என்றார் பெரியப்பா, பணிவாக.

டிரஸருக்குப் பொறுக்கவில்லை. அவரை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்கோ" என்றார். பெரியம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. முகம் தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா நின்றார். "சொல்லு, நெஞ்சுலன்னு சொல்லு. பயப்படாத" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பஞ்சு டப்பாவை எடுக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். டிரஸர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

அப்புறம் ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் பிடிக்கிற காலம் வந்தது. ரயில் பாதை போடுகிற வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம், அரிசி தருவார்கள் என்று சொல்லி லோரி லோரியாக ஏற்றினார்கள். வர மறுத்தவனையும் ஏற்றினார்கள். ஆட்களை மேய்க்க ஒரு கங்காணி வேண்டும் என்று பெரியப்பாவையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி ஆள் என்பதால் என் வீட்டுக்காரர் தப்பினார்.

அன்றைக்குப் பெரட்டுக்களத்தில் எழுந்த அழுகைச் சத்தத்தை நான் மறுபடி கேட்கக் கூடாது. பெரியம்மாவை நான்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். எட்டு வைக்க முடியாமல் இழுத்தது. பெரியப்பா லோரியில் நின்றபடி என்னைப் பார்த்துத்தான் பேசினார். "புள்ள, அவளப் பச்சத் தண்ணியில கை வைக்க விடாத. கஷாயத்துல மொளகு ரெண்டுதான் போடணும். அவளுக்குப் பசிக்கும், பசிக்குதுன்னு சொல்லமாட்டா. நீதான் பாத்துக்கணும்." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

லோரி பீடோங் போகிற சடக்குப் பாதையில் ஏறி மறைந்தது. பெண்கள் மண்ணில் விழுந்து புரண்டார்கள். பெரியம்மா அசையாமல் நின்றாள். லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது பாதி வழியில் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். நான் விழுந்துவிடுவாள் என்று பதறிப் பிடிக்கப் போனேன். விழவில்லை. மேட்டில் எனக்கு முன்னால் ஏறினாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் மூச்சு எனக்குக் கேட்கவே இல்லை.

ஐயோ, அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது! அரிசி கண்ணில் படாத காலம் அது. மரவள்ளிக் கிழங்கே சோறு, அதன் இலையே கறி. திடமான பெண்களுக்கெல்லாம் கால் வீங்கியது. புண் வந்தால் ஆறவில்லை. காய்ச்சலில் போனவர்களைச் சுற்றிப் போடத் துணி இல்லாமல் கோணியில் சுற்றினோம். அந்தப் பஞ்சத்தில் ஒரே ஒருத்தி மட்டும் தேறிக்கொண்டு வந்தாள். கன்னம் தெளிந்தது. கஷாயத்தை நிறுத்திவிட்டாள். ரப்பர் மரங்களை வெட்டிப்போட்ட கித்தாக் காட்டில் மண்வெட்டி பிடித்துக் கிழங்கு நட்டாள். கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தாள். மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "ஏன்டி பேயப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றாள். நிஜமாகவே நான் பேயைப் பார்த்தது போலத்தான் நின்றேன்.

அதைவிட ஆச்சரியம் அவள் பேச்சு. அம்மாடி, என்ன பேச்சு! கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் வாய் ஓயாது. கப்பல் கதை முழுவதையும் அப்போதுதான் கேட்டேன். கப்பலில் ஒரு கிழவன் ஆட்டுக்குட்டியைத் துணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தானாம். அது வெள்ளைக்கார அதிகாரி முன்னால் கத்த, கிழவன் தன் வயிறுதான் கத்துகிறது என்று சாதித்தானாம். அதிகாரியைப் போலவே நடந்து காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பெரியம்மா, நடுவுல கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றேன். "நாப்பது வருசத்து மூச்சு மிச்சம் இருக்குடி" என்றாள். சொன்ன பிறகு அவளே பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பயம் அவளை விடவில்லை. லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டதல்லவா? "புருசன் சயாமுல சாகுறான், இவ பூரிச்சு நிக்கிறா" என்று குழாயடியில் காது படவே பேசினார்கள். அதற்காகப் பெரியம்மா என்ன செய்தாள் தெரியுமா? குழாயடிக்குப் போகும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க ஆரம்பித்தாள். பொய் இழுப்பு! மற்றவர்கள் நம்பிக் குடத்தை வாங்கித் தூக்கி வந்து கொடுத்தார்கள். என்னை ஏமாற்ற முடியுமா? பலகைக்கு இந்தப் பக்கம் கிடந்து அந்தச் சத்தத்தை எத்தனை நாள் கேட்டவள் நான். ஒருநாள் வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு பெரியம்மா இந்தக் கூத்து?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னடி செய்யட்டும்? அவரு நெனப்பு வந்தா அழுக வருது. நல்லா வருது. ஆனா இழுக்க மாட்டேங்குது" என்றாள். "நல்ல மனுசன்டி அவரு. அவரு இல்லாம எனக்கு ஒடம்பு நல்லா இருந்தா, நான் என்ன பொம்பள?"

அடிக்கிற புருஷன் போனான், உடம்பு தேறியது என்றால் எனக்குப் புரிந்திருக்கும். கஷாயம் வைத்துக் கொடுத்த புருஷன் போய் உடம்பு தேறுவது எந்த ஊர் நியாயம்?

சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன்தான் செய்தி கொண்டுவந்தான். முகாமில் வாந்திபேதி வந்தவர்களை ஒரு தனிக் கொட்டகையில் போட்டுவிடுவார்களாம். அதற்குள் போன யாரும் வெளியே நடந்து வந்ததில்லையாம். பெரியப்பாவை அதற்குள் தூக்கிப்போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். பெரியம்மா கதறிய கதறலில் பொய் ஒரு துளிகூட இல்லை. ஆற்றங்கரையில் கருமாதி செய்தோம். பூவையும் மஞ்சளையும் வைத்து, பிறகு எல்லாவற்றையும் எடுத்து, தாலியை இறக்கினோம். அந்த அழுகையில் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து நான் பக்கத்திலேயே இருந்தேன். நிற்கவில்லை. மறுநாள் டிரஸர் வந்து குழாய் வைத்துப் பார்த்தார். "சத்தம் துப்புரவா இல்லை" என்றார் என்னிடம், மெதுவாக. அவர் முகத்திலும் அதிர்ச்சிதான் தெரிந்தது.

ஜப்பான்காரனுக்குத் தோல்வி நெருங்கிவிட்டது என்று ரகசியமாகப் பேசிக்கொண்ட நாள்களில், ஒரு மத்தியானம், லயத்துக் கோடியில் ஒரு பெண் வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தோம். எலும்பின்மேல் தோலைப் போர்த்திய ஓர் உருவம் தடியை ஊன்றி நின்றது. இடுப்பில் கோணித் துண்டு. கணுக்காலில் எலும்பு தெரிய ஒரு புண். பிள்ளைகள் பேய் பேய் என்று ஓடின. அந்த உருவம் என்னை அடையாளம் கண்டு, "புள்ள, அவ கஷாயம் குடிச்சாளா?" என்று கேட்டது. என் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

பெரியப்பா செத்த கொட்டகையிலிருந்து எழுந்து வந்திருந்தார்! கூட்ஸ் ரயிலில் ஒளிந்து, நடந்து, எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார். வாசல்படியில் கால் வைக்கப் போனவரைக் கோயில் பூசாரி தடுத்துவிட்டார். "இரு, இரு. காரியம் முடிஞ்ச ஆளு நீ. அப்படியே உள்ளார போனா வீட்டுக்கு ஆவாது. தலைக்கு ஊத்தி, புதுசாப் பேரு வெச்சு, மறுபடி தாலி கட்டித்தான் வாசப்படி தாண்டணும்" என்றார். பெரிய கங்காணியும் அதுதான் முறை என்றார். புண் கொஞ்சம் ஆறட்டும், அதன் பிறகு நாள் பார்க்கலாம் என்று அதுவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள்.

பெரியம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சந்தோஷத்தில்தான் ஓடி வந்தாள், அந்த முகத்தை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போது அந்தச் சத்தம் கேட்டது. பொய் இழுப்பு இல்லை, பழைய இழுப்பு. பெரியம்மா படியிலேயே நின்றாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவு பயத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

உள்ளே பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ரெண்டு பக்கமும் எளந்தாரிப் பசங்க படுத்திருந்தானுங்க புள்ள. காலையில ரெண்டு பேரும் பொணம். நான் மட்டும் எப்படிப் பொழைச்சேன்னு நெனைக்கிற? அவளாலதான். நான் போயிட்டா அவளுக்கு வாய் ஏது? யாரு கஷாயம் வெப்பா? அந்தக் கொட்டகையில கெடந்து அவளோடதான் பேசிக்கிட்டே இருந்தேன். அவ கேப்பா. நானே அவளுக்குப் பதிலும் சொல்லிக்குவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் ஒன்றும் மிச்சமில்லை.

நினைத்துப் பாருங்கள். அவளுக்கு எது நோயோ அதுவே அவருக்கு மருந்தாக இருந்திருக்கிறது! இரண்டும் ஒரே கல்யாணம். யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டார். அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை.

நாள் நெருங்க நெருங்கப் பெரியம்மா படுக்கையில் விழுந்தாள். டிரஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வயசில, இந்தச் சாப்பாட்டில, அந்த நெஞ்சு இன்னொருக்காத் தாங்காது" என்றார். நான் பெரியம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "மாட்டேன்னு சொல்ல முடியுமாடி? சயாமுலேருந்து நடந்து வந்த மனுசனப் பாத்து?" என்றாள்.

கோயில் முன்னால் பகல் வெளிச்சத்தில் ஜனம் கூடியிருந்தது. பஞ்சத்தில் ஒரு நல்ல காரியம் என்று எல்லோருக்கும் ஆசை. பெரியப்பாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அரிசி இல்லாததால் கிழங்கு மாவைத் தூவி, பழைய பெயரையே புதிதாக வைத்தார்கள். தங்கம் ஏது? மஞ்சள் துண்டு கோத்த கயிறுதான். எங்கள் தோட்டத்தில் தாலி கட்டுமுன் சபையில் பெண்ணை ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். பேருக்குத்தான் கேட்பார்கள். பெண் குனிந்த தலை நிமிராமல் நிற்பாள், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேளத்தைத் தட்டுவார்கள். புதுக் கல்யாணம் என்றால் எல்லா முறையும் உண்டு அல்லவா? பெரிய கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, சபை கேக்குது. இவரக் கட்டிக்கச் சம்மதமா?" என்றார்.

"சம்மதந்தான். அவள என்ன கேக்குறது, மேளத்தத் தட்டுங்க" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு இழுப்புச் சத்தம் கேட்டது. அவள் கையைத் தூக்கினாள். பூசாரி கயிற்றோடு நின்றுவிட்டார்.

"என்னையில்ல கேட்டாரு" என்றாள்.

சிரிப்பு அடங்கியது. பெரியப்பா குழந்தைக்குச் சொல்வது போல, "சரி சரி, நீயே சொல்லு. சம்மதம்னு சொல்லு" என்றார்.

"கஞ்சி ஊத்துறேன்" என்றாள் பெரியம்மா. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள். "புண்ணக் கழுவுறேன். துணி தொவைக்கிறேன். சாவுற வரைக்கும் செய்யிறேன். கயிறு வேணாம். ஒரே வீடு வேணாம். எனக்கு மூச்சு வேணும்."

யாரோ யாரையோ குத்திவிட்டதைப் பார்த்த மாதிரி ஒரு கிழவி "ஐயையோ" என்றாள். பெரிய கங்காணி வாயைத் திறந்தபடி நின்றார். பெரியப்பா அவசரமாக எங்கள் எல்லோரையும் பார்த்து, "அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அதான்... அவ அப்படியெல்லாம்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. அவள் சார்பில் சொல்ல அவருக்குப் பதில் கிடைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. கிழங்கு மாவு ஒட்டிய தலையோடு அவர் நின்ற கோலம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

லயத்துக் கோடியில் காலியாகக் கிடந்த அறையில் அவரை வைத்தார்கள். பெரியம்மா சொன்னபடியே செய்தாள். காலையும் மாலையும் கஞ்சி கொண்டுபோவாள், புண்ணைக் கழுவிக் கட்டுவாள், துணியைத் துவைத்துப் போடுவாள். வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள். இழுப்பு நாளடைவில் அடங்கிவிட்டது. அவள் தொட்ட குழாயை மற்றப் பெண்கள் கழுவிவிட்டுத்தான் தொட்டார்கள். அவள் பொய்யாக இழுத்துக் காட்டவில்லை. நேராக நடந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள்.

பெரியப்பாவின் புண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் ஆள் எழவில்லை. கஞ்சி அப்படியே இருக்கும். "எனக்கு விளங்கேல்லை. இந்த ஆள் சயாமில செத்திருக்க வேணும், சாகேல்லை. இங்க சாக ஒரு காரணமும் இல்லை" என்று டிரஸர் கைவிரித்தார். பெரியம்மா கட்டித் தந்த வெள்ளைத் துணி காலில் இருக்க, வெள்ளைக்காரன் திரும்பி வருவதற்கு முன்பே ஒரு காலையில் அவர் போய்ச் சேர்ந்தார். கொன்றுவிட்டாள் என்று லயம் பேசியது. இல்லை என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை, ஆமாம் என்று சொல்ல மனமும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதே நிலைதான்.

பிணத்தை வெளியே கிடத்தியிருந்தார்கள். பெரியம்மா வந்தாள். கூட்டம் விலகியது. அவள் நேராகப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பெரிய கங்காணிக்குப் பொறுக்கவில்லை. தாலி வேண்டாம் என்றவள் எந்த உரிமையில் அங்கே உட்காருவது? அவள் முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ இவருக்கு என்ன மொறைம்மா, இங்க வந்து ஒக்காந்திருக்க?" என்றார்.

பெரியம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அவள் முகம் தானாகவே மடியில் கிடந்த முகத்தின் பக்கம் திரும்பியது. அன்றைக்கு ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தாளே, அதே பார்வை. அவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னையறியாமல் நானும் அந்தப் பிணத்தின் வாயைத்தான் பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"பொண்டாட்டி" என்றாள்.